கோட்டுப் போட்ட கானா

"இன்னாம்மா இது, கோட்டு போட்னு சட்டி அடிக்கிறானுங்கோ" என்றார் எங்க நைனா. 2018 சனவரி 6, சாயங்காலம். கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். அவர் சிரித்துக்கொண்டு சொன்னாரா, திகைத்துப் போய்ச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. வியாசர்பாடியிலிருந்து ஆட்டோ வைத்து அவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மேடையில் சாம்பல் நிறக் கோட்டும் சூட்டுமாக ஒரு பெரும் கூட்டம். கிதார் இருக்கிறது, மேலை நாட்டு டிரம்ஸ் இருக்கிறது. நடுவில் சட்டியும் கட்டமேளமும் பறையும். நைனாவின் கண் சட்டியை விட்டு நகரவில்லை.

முப்பது வருசத்துக்கு மேல் சாவு வீட்டில் சட்டி அடித்தவர் அவர். காலையில் போனால் சாயங்காலம் எடுக்கும் வரைக்கும் அடி. வெயிலோ மழையோ, வீட்டு வாசலுக்கு வெளியே, தெருவோரம். டீ வந்தால் தனிக் கிளாசில் வரும். ராத்திரி வீட்டுக்கு வந்தால் விரலிடுக்கில் எல்லாம் பிளாஸ்திரி. அம்மா சுடுதண்ணி வைத்துக் கொடுக்கும், அதில் கையைப் போட்டு உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடத்தில் "அப்பா என்ன வேலை" என்று கேட்டால் "பெயிண்டர்" என்பேன். பாதிதான் பொய். சாவு விழாத நாட்களில் பெயிண்ட் அடிக்கவும் போவார்.

நான் படித்த கல்லூரியில் ஒரு ஆண்டு விழாவுக்கு எங்க ஏரியாப் பையன்கள் மூணு பேர் சட்டியும் கட்டமேளமும் கொண்டு வந்தார்கள். ஒத்திகையில் நாலு அடி அடித்திருப்பார்கள். ஒரு பேராசிரியர் கையைக் காட்டி நிறுத்தினார். "யாருப்பா செத்துட்டாங்க? மங்களகரமா ஏதாவது பண்ணுங்க" என்றார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். இதை எழுதித்தான் ஆக வேண்டும். என் நைனாவின் கருவியைப் பார்த்து நானும் சிரித்தேன். அந்தப் பையன்களில் ஒருவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு என் வீடு தெரியும்.

ஆகவே இந்த இசைக்குழுவைப் பற்றி எழுதும்போது நான் நடுநிலையாளர் இல்லை. நடுநிலையான காது என்று ஒன்று இருப்பதாகவும் நான் நம்பவில்லை.

'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்பது அவர்கள் வைத்துக்கொண்ட பெயர். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் நடத்திய இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து 2017-இல் ஆட்களைத் தேடி, பாடச் சொல்லிக் கேட்டு, பத்தொன்பது பேரைத் திரட்டினார்கள். கானா பாடுகிற முத்து, பாலச்சந்தர், செல்லமுத்து, இசைவாணி. எழுதி, ராப் சொல்கிற அறிவு. சட்டிக்குத் தரணி, சரத். கட்டமேளம் கௌதம். பறையும் தவிலும் நந்தன். டிரம்ஸ் மனு கிருஷ்ணன். கிதார் சாஹிப் சிங். தாராவியிலிருந்து 'டோப்அடெலிக்ஸ்' ராப் குழுக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். அடிக்கிறவர்கள் பெயரையும் வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். காரணம் பின்னால் வரும்.

முதல் கச்சேரிக்கே நாலாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். அது மார்கழி மாசம் என்பதைக் கவனிக்க வேண்டும். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்களில் கச்சேரி நடக்கிற மாசம். பட்டணத்தில் எது இசை, எது சத்தம் என்று முடிவு செய்கிற மாசம். அதே மாசத்தில் சபாவே இல்லாத இடத்தில் மண் தரையில் நின்றுகொண்டு நாங்கள் கேட்டோம். கேட்டோம் என்று சொல்வது தப்பு. ஆடினோம். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஆடியது.

பத்திரிகைகள் எழுதின: 'துள்ளல்', 'ஆற்றல்', 'மின்சாரம் பாய்ந்த மேடை'. இங்கிலீசுப் பேப்பர்களில் இன்னும் அதிகம். உண்மைதான், மறுக்கவில்லை. பத்தொன்பது பேர் ஒரே மேடையில் குதித்தால் மேடை அதிரத்தான் செய்யும். ஆனால் இந்தத் துள்ளல் எங்கேயிருந்து வருகிறது என்று யாராவது கேட்டார்களா? கானா பிறந்த இடம் சாவு வீடு. பிணத்தை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருப்பதற்காகப் பாடியது. செத்தவனின் வாழ்க்கையைப் பாடுவது, எமனைத் திட்டுவது, இருக்கிறவனைச் சிரிக்க வைப்பது. பிணம் தூக்கும்போது அடிக்கிற அடி வேறு, முச்சந்தியில் பாடையை இறக்கி வைத்து இளவட்டங்கள் ஆடும்போது அடிக்கிற அடி வேறு, சுடுகாட்டு வாசலில் அடிக்கிற அடி வேறு. நைனா சொல்வார்: "நடைக்குத்தாம்மா தாளம். தாளத்துக்கு நடை கிடையாது." அந்தத் துள்ளலில் குடி உண்டு, பசி உண்டு, ஏழெட்டு மணி நேரக் கூலி உழைப்பு உண்டு. தெருவில் அது நடக்கும்போது 'ரவுடிப் பசங்க, டிராபிக் ஜாம்' என்று கார் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறவர்கள், அதே அடியை மேடை போட்டு விளக்குப் போட்டுக் கொடுத்தால் 'எனர்ஜி' என்கிறார்கள். இதில் குற்றம் குழுவினுடையது இல்லை. கண்ணாடியை ஏற்றியவனை இறக்க வைத்ததுதான் அவர்களுடைய சாதனை. ஆனாலும் இறக்கினவன் என்ன கேட்டான் என்பது தனிக் கேள்வி.

கோட்டுக்கு வருகிறேன். 'மண்ணின் இசை பாடுகிறவர்கள் ஏன் வெள்ளைக்காரன் உடுப்பில் வர வேண்டும், வேட்டி கட்டக் கூடாதா' என்று என் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். நல்லவர்தான். முற்போக்குப் பேசுகிறவர். அவருக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். காந்தியார் 1921-இல் மதுரையில் சட்டையைக் கழற்றினார், மகாத்மாவாகவே நின்றார். கழற்றுவதற்கு அவரிடம் சட்டை இருந்தது. ஒன்பது வருசம் கழித்து, 1930 டிசம்பரில், அதே மதுரைக்குப் பக்கத்து இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். அதில் ஒன்று: ஆண்கள் கோட்டோ சட்டையோ பனியனோ போடக் கூடாது. 'கோட்டு' என்று வார்த்தையே இருக்கிறது. பெண்கள் மேல்துணி போடக் கூடாது, ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறிய சேரிகள் கொளுத்தப்பட்டன. அடுத்த வருசம் தடைகள் பதினொன்றாக நீண்டன. அதில் இன்னொன்று: கலியாணம் காட்சிகளில் தங்கள் வீட்டுக்கு முன்னால் மேளம் வைத்துக்கொள்ளக் கூடாது. ஹட்டன் இதையெல்லாம் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

இந்த இரண்டு தடைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உன் வீட்டு நல்லதுக்கு நீ மேளம் அடிக்கக் கூடாது, என் வீட்டுக் கெட்டதுக்கு நீ அடித்தே ஆக வேண்டும். அடிக்கும்போது மேலே சட்டை இருக்கக் கூடாது. கீழ்ப்பாக்கம் மேடையில் சட்டி அடித்தவர்கள் கோட்டுப் போட்டிருந்தது பாபாசாகேபுக்குச் செய்த மரியாதை என்று எல்லோரும் எழுதினார்கள். மரியாதைதான். எனக்கு அது அதற்கும் மேலே தெரிந்தது. இராமநாதபுரத்துத் தடைகளில் இரண்டை ஒரே நேரத்தில் ஒரே உடம்பு மீறுகிறது. நைனாவுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. ஆனால் அவர் வாயிலிருந்து முதலில் வந்தது பாட்டைப் பற்றிய பேச்சு இல்லை, கோட்டைப் பற்றிய பேச்சு. எது முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பறையை என்ன செய்வது என்ற சண்டை நம் இயக்கங்களுக்குள் பழையது. அது அடிமைச் சின்னம், கொளுத்து என்றது ஒரு தரப்பு. ஊரில் சாவுக்குப் பறையடிக்க மறுத்து அடி வாங்கியவர்கள், ஊரை விட்டு விரட்டப்பட்டவர்கள் உண்டு. அந்த மறுப்புக்கு நான் தலை வணங்குகிறேன். இன்னொரு தரப்பு, அது நம் கலை, அதையே போர்ப்பறை ஆக்கு என்றது. தொண்ணூறுகளின் தலித் கலை விழாக்கள் அந்தக் கருத்தில்தான் நடந்தன. கே.ஏ. குணசேகரன் தன்னானே கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். வெண்மணியில் 1968-இல் நாற்பத்து நாலு பேரை எரித்த நெருப்பிலிருந்து இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா'வை அவர் குரலில் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். மேடை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. குரல் மட்டும் வந்து நெஞ்சில் அறையும். அந்தக் குரலில் ஒரு முறையீடு இருந்தது, அதைவிடப் பெரிய கோபம் இருந்தது. சிரிப்பு இல்லை. சிரிக்க அப்போது நேரமில்லை.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கொண்டு வந்த புதுசு என்று நான் நினைப்பது அந்தச் சிரிப்பைத்தான். கிதாரோ ராப்போ புதுசு இல்லை, உலகத்தில் எல்லோரும் செய்கிறார்கள். இடஒதுக்கீட்டைப் பற்றிய 'கோட்டா' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 சனவரியில் ரோகித் வெமுலாவை இழந்து, 2017 செப்டம்பரில் அரியலூர் அனிதாவை இழந்து நின்ற நேரம். யாராக இருந்தாலும் ஒப்பாரிதான் வைத்திருப்பார்கள். இவர்கள் நக்கல் செய்தார்கள். 'கோட்டாவுல வந்தவதானே' என்று என் முதுகுக்குப் பின்னால் இருபது வருசம் பேசியவர்களுக்கு முகத்துக்கு நேரே நாக்கைத் துருத்திக் காட்டுகிற பாட்டு அது. விளக்கம் சொல்கிறவன் எப்போதும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். நக்கலடிக்கிறவன் கூண்டைவிட்டு இறங்கி வந்துவிடுகிறான். கானாவுக்கு இது ரத்தத்தில் ஊறியது. எமனையே கலாய்த்த வாய்க்கு மற்றவன் எம்மாத்திரம்!

மாட்டுக்கறிப் பாட்டும் அப்படித்தான். 2017 மே மாசம் சந்தையில் மாடுகளை வெட்டுக்கு விற்கத் தடை விதித்து மத்திய அரசு விதி கொண்டு வந்தது. நாடெங்கும் உரிமை, சட்டம், புரதம் என்று கட்டுரைகள் வந்தன. இவர்கள் சமையல்கட்டுக்குள் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசனையைக் கொண்டு வந்தார்கள். பெரியவர்கள் மேடைகளில் மாட்டுக்கறியைப் பற்றிப் பேசுவார்கள், ருசியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. (மிருதங்கத்தின் வாயில் இழுத்துக் கட்டியிருப்பதும் மாட்டுத் தோல்தானே. அதைச் செய்து கொடுக்கும் தலித் கிறித்துவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய புத்தகத்தை வெளியிட 2020-இல் கலாக்ஷேத்திரா இடம் தருவதாகச் சொல்லிவிட்டு மறுத்துவிட்டது. தோல் வேண்டும், தோல் உரித்தவன் பேச்சு வேண்டாம்.)

எல்லாப் பாட்டும் இப்படி இறங்கவில்லை. சில பாட்டுகளில் தலைவர்கள் பெயரும் சமத்துவம், விடுதலை, சாதி ஒழிப்பு போன்ற சொற்களும் சுவரொட்டியில் வருகிற மாதிரி வரிசையாக வந்து நிற்கின்றன. கூட்டத்தில் நின்று கேட்கும்போது கை தானாக உயர்கிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்டால் பாட்டு நம்மை விட்டுவிட்டு ஊர்வலம் போய்விடுகிறது. 'ஜெய் பீம்' கீதத்தைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். எனக்கு அதைவிட 'வடசென்னை' பாட்டுத்தான் நெருக்கம். பாட்டு நம் தெருவைச் சொல்லும்போது அரசியல் தானாக வந்து சேர்கிறது. தனியாகக் கூப்பிட வேண்டியதில்லை.

இசையமைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. சாவு அடி பெரும்பாலும் மூணு மூணாக விழும். இடுப்பை ஆட்ட வைப்பது அதுதான். ராப் நாலு நாலாக நடக்கும். மேலை டிரம்ஸும் பேஸ் கிதாரும் ஒரு வேகத்தைப் பிடித்தால் பாட்டு முடிகிற வரை விடாது. இரண்டும் சந்திக்கிற இடங்களில் தென்மாவின் கை தெரிகிறது. சட்டியைப் பின்னணி அலங்காரமாக வைக்காமல் பாட்டின் முதுகெலும்பாக வைத்த இடங்கள் அவை. சினிமாக்காரர்கள் செய்யாத காரியம். ஆனால் சில இடங்களில் டிரம்ஸ் கட்டளை போடுகிறது, சட்டி பின்னாலேயே ஓடுகிறது. நைனா பாதிக் கச்சேரியில் என் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினார்: "பையன் நல்லா அடிக்கிறான். ஆனா அவனே நிறுத்தி, அவனே எடுக்க வுடணும். வுட மாட்டன்றாங்கோ." தெருவில் சட்டிதான் ராஜா. அது நிறுத்தினால் பிணமே நிற்கும்.

இவர்களை 'இண்டி' என்கிறார்கள். சுயாதீன இசை. எதிலிருந்து சுயாதீனம்? தமிழில் பாட்டு என்றாலே சினிமா. தொண்ணூறுகளில் தேவா இசையில் கானா சினிமாவுக்குள் பெரிதாகப் போனது. கானாதான் போனது, சாவு வீட்டில் பாடியவர்களில் மிகச் சிலர்தான் போனார்கள். 2012-இல் 'அட்டகத்தி'யில் கானா பாலா பாடியபோதுதான் அந்தக் குரல் அதன் சொந்த உடம்போடு உள்ளே போனது. அதுவும் இரஞ்சித் படம். அந்த இரஞ்சித்தே சினிமாவுக்கு வெளியே ஒரு குழுவைக் கட்டுகிறார், சினிமாவில் சம்பாதித்த பேரை வைத்து. சினிமாவிலிருந்து விடுதலை பெற சினிமா இயக்குநர் தேவைப்பட்டார் என்பதைச் சிலர் கிண்டலாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் கிண்டல் தெரியவில்லை. சபாவுக்குப் பின்னால் எத்தனை செட்டியார்கள், எத்தனை கம்பெனிகள் இருந்தன என்று யாரும் கேட்பதில்லையே. சேரிக்காரன் மேடை போட்டால் மட்டும் 'காசு யார் கொடுத்தது' என்கிறார்கள். ஆனால் நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு பெரிய பெயரின் நிழலில் வளர்கிற பத்தொன்பது பேர் அந்த நிழலைத் தாண்டி எப்படி வளர்வார்கள்?

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பத்தொன்பது பேரில் பாடிய பெண் ஒருத்தி, இசைவாணி.

நான் மைதானத்தில் எண்ணிப் பார்த்தேன். திரும்பவும் எண்ணினேன். சாதியில்லாத கூட்டம் என்று பெயர், மேடையில் பத்தொன்பதுக்கு ஒன்று. கானா ஆம்பளைங்க பாட்டு என்பார்கள். வெளியே உட்கார்ந்து பாடியது ஆம்பளைங்கதான். உள்ளே பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தது யார்? என் ஆயா ஒப்பாரி வைத்தால் தெருவே நிற்கும். செத்தவன் பொண்டாட்டியை அடித்ததும் குடித்ததும் கடன் வைத்துவிட்டுப் போனதும் எல்லாம் அதில் வரும். கானாவின் தாய் அதுதான் என்று நான் சொல்வேன். மேடைக்கு வரும்போது மகன்கள் வந்தார்கள், தாய் வீட்டிலேயே நின்றுவிட்டாள். இசைவாணியின் குரலை இந்தக் கணக்கோடுதான் நான் கேட்கிறேன். வடசென்னைக் குரல். இழுக்கிற இடத்தில் ஒப்பாரியும் வெட்டுகிற இடத்தில் கானாவும் ஒன்றாக இருக்கும். 2020-இல் பிபிசி அவரை உலகின் நூறு பெண்களில் ஒருவராகச் சேர்த்தது.

அந்த ஒற்றைக் குரலுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 28-இல் தீர்ப்புச் சொன்ன வருசம், 'ஐ யாம் சாரி ஐயப்பா' பாட்டை அவர் பாடினார். உள்ளே வந்தால் என்ன தப்பு என்று கேட்கிற பாட்டு. ஆறு வருசம் கழித்து, 2024 நவம்பரில், ஐயப்ப சீசனில் அதைத் தோண்டி எடுத்தார்கள். புகார், வசை, மிரட்டல். நீலம் பண்பாட்டு மையம் விளக்க அறிக்கை வெளியிட்டு அவர் பக்கம் நின்றது. நின்றதைப் பாராட்டுகிறேன். ஆனால் கவனியுங்கள், ஒரு கூட்டத்தின் மேடையில் பாடிய பாட்டு, திட்டு வாங்கியது ஒரு பெண்ணின் முகம். மாட்டுக்கறி பாடிய ஆண்களை இப்படிப் பெயர் சொல்லி, உடம்பைச் சொல்லி யாரும் விரட்டவில்லை. மேடையில் இன்னும் எட்டுப் பெண்கள் நின்றிருந்தால் அந்த வசை ஒன்பதாகப் பிரிந்திருக்கும். 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' மேடைகளில் கதவு கொஞ்சம் திறந்தது உண்மை. மூலக்குழுவின் கணக்கு மனசில் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

பெயர் விசயத்துக்கு வருகிறேன். 'சாதியில்லாத' என்ற சொல் அயோத்திதாசரிடமிருந்து எடுத்தது. மக்கள் கணக்கெடுப்பில் சாதிபேதமற்ற தமிழர் என்று பதியுங்கள் என்று நம் மக்களைக் கேட்டுக்கொண்டவர். 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியவர். அவர் எழுத்துக்களை ஞான. அலாய்சியஸ் திரட்டி 1999-இல் தொகுதிகளாகக் கொண்டு வரும் வரை நம்மில் பலருக்கே அந்தப் பெயர் தெரியாது. பெயர் அழிக்கப்பட்ட ஒருவரிடமிருந்துதான் குழு பெயர் வாங்கியது. அந்தக் குழுவில் எழுதி வளர்ந்த அறிவுக்கு என்ன நடந்தது? 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையைப் பாட்டாக்கினார். உலகம் ஆடியது. அந்த ஆகஸ்ட்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் அவரைத் தவிர்த்துவிட்டுப் படம் போட்டது. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகே விவாதம் ஆனது. 2022 சூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே அந்தப் பாட்டு ஒலித்தது. யார் பக்கம் என்ன நியாயம் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். எனக்கு நைனா ஞாபகம்தான் வந்தது.

தொண்ணூறுகளில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் நைனாவையும் இன்னும் நாலு பேரையும் கூப்பிட்டு ஒரு படப் பாட்டுக்குச் சட்டி அடிக்க வைத்தார்கள். கையில் காசு கொடுத்தார்கள், அதில் குறை இல்லை. கேசட் வந்ததும் வாங்கி வந்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாதவர். என்னைக் கூப்பிட்டு, "எங்கியாச்சும் எம் பேரு கீதா பாரும்மா" என்றார். பொடி எழுத்தெல்லாம் தேடினேன். இல்லை. "கீது நைனா" என்று பொய் சொன்னேன். எந்த இடம் என்று கேட்டார். ஏதோ ஒரு வரியைக் காட்டினேன். அந்தக் கேசட்டை வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். படிக்கத் தெரிந்த ஒருவர் வந்த அன்றைக்கு நான் வீட்டில் இல்லை.

மேடையில் அடித்தவர்களின் பெயரை மேலே எழுதியதற்கு இதுதான் காரணம். 'கலெக்டிவ்' என்ற சொல்லில் எனக்கு ஒரு ஆசையும் ஒரு பயமும் இருக்கின்றன. கூட்டாக நிற்பதில் ஒருவனை மட்டும் பிடித்துப் போக முடியாது என்பது ஆசை. கூட்டம் என்று சொல்லிச் சொல்லியே பாடுகிறவன் முகம் மட்டும் நின்று, அடிக்கிறவன் மறுபடியும் பெயரில்லாமல் போவானோ என்பது பயம்.

நைனா 2022-இல் போய்ச் சேர்ந்தார். அடிக்க வந்தது எங்க பக்கத்துத் தெருப் பையன்கள், எல்லாம் இருபது வயசுக்குள். காசு வேண்டாம் என்றார்கள். ஒருவன் முழுக்கைச் சட்டையைப் பேண்டுக்குள் விட்டு, ஷூ போட்டு வந்திருந்தான். கழுத்தில் சட்டி. எடுக்கும்போது வழக்கமான அடிதான் அடித்தார்கள். தெரு முனை திரும்புகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, வேறு ஒன்றை எடுத்தார்கள். எங்கேயோ கேட்டது போல் இருந்தது. ஒரு பையன் பாடவும் ஆரம்பித்தான், 'ஜெய் பீம்' கீதம். எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத பாட்டு என்று மேலே எழுதியிருக்கிறேன். மேடையில் கேட்டதைவிட ரொம்ப மெதுவாக அடித்தார்கள், தூக்குகிறவர்கள் நடைக்குத் தகுந்தபடி. டிரம்ஸ் இல்லை, கிதார் இல்லை. சட்டி நின்றபோது பாடை நின்றது, எடுத்தபோது நகர்ந்தது.

பொம்பளைங்க முனையோடு நின்றுவிட வேண்டும். மூலக்கொத்தளம் வரைக்கும் வருகிறேன் என்றேன். சித்தப்பா, "வாணாம்மா, வழக்கமில்ல" என்றார். நானும் அம்மாவும் ஆயா வீட்டு ஆட்களும் முனையிலேயே நின்றோம். சத்தம் பாலத்தைத் தாண்டிப் போகிற வரைக்கும் கேட்டது.